எடை கூடாத குழந்தை

பிறந்து இரண்டு மாதமான குழந்தை செய்கிற வேலைகளிலேயே கடினமானது பால் குடிப்பது. உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவே மூச்சும் விட வேண்டும். இதயம் நன்றாக இருக்கும் குழந்தை பதினைந்து இருபது நிமிடத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிப்போகும். இதயத்தில் பெரிய ஓட்டையுள்ள குழந்தையால் அது முடிவதில்லை. நாலு வாய் குடிக்கும், மூச்சு வாங்கும், காம்பை விட்டுவிடும். கொஞ்சம் தெம்பு வந்ததும் மறுபடி பற்றும். நெற்றி முத்து முத்தாக வியர்க்கும். முக்கால் மணி நேரம் போராடிவிட்டுப் பசி தீராமலேயே களைத்துத் தூங்கும். அரை மணியில் எழுந்து அழும்.

வீட்டில் பழி பெரும்பாலும் தாயின் மேல்தான் விழும். பால் பத்தவில்லை என்பார்கள், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். புட்டிப்பால் வரும், அதற்கும் பிள்ளை தேறாது. கடைசியில் சளி, இழுப்பு என்று பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த மருத்துவர் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அன்று முதல் பேச்செல்லாம் இதயத்தைப் பற்றியே இருக்கும். ஓட்டை எவ்வளவு பெரிது, அறுவை எங்கே, எப்போது என்ற கவலையில் குழந்தையின் பசி பின்னால் தள்ளப்பட்டுவிடும்.

இந்த அத்தியாயம் அந்தப் பசியைப் பற்றியது. இதய நோயோடு வார்டில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும், சேர்ந்த 24 மணி நேரத்துக்குள், ஊட்டக்குறை அபாயம் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். எழுதிய கையோடு உணவுத் திட்டமும் தொடங்க வேண்டும். இதற்கு வேண்டிய கருவிகள் ஒரு தராசு, ஒரு நாடா, சில கேள்விகள். இவ்வளவு எளிய காரியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த ஓட்டை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

உழைப்பெல்லாம் எங்கே போகிறது?

இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. அதில் ஓட்டை இருந்தால், அழுத்தம் அதிகமுள்ள இடது அறையிலிருந்து ரத்தம் வலது அறைக்குக் கசியும். நுரையீரலில் பிராணவாயு ஏற்றிக்கொண்டு உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம், மறுபடி நுரையீரலுக்கே திரும்பும். பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நாளெல்லாம் ஓடுகிறது. நடுவழியில் குழாய் உடைந்து தண்ணீர் கிணற்றடியிலேயே தேங்குகிறது. மோட்டார் சூடேறுகிறது, கடைசி வயல் மட்டும் காய்கிறது.

குழந்தையின் உடம்பில் காய்கிற அந்தக் கடைசி வயல் தசையும் கொழுப்பும். இதயம் கூடுதல் வேகத்தில் துடிக்கிறது. ரத்தம் தேங்கிய நுரையீரல் விறைத்துப்போவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாத் தசைகள் அதிகம் உழைக்கின்றன. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு இந்த உழைப்பை அளந்து பார்த்தது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கொண்ட நீரைக் குழந்தைக்குக் கொடுத்து, சிறுநீரில் அவற்றின் அளவு குறையும் வேகத்தைக் கொண்டு ஆற்றல் செலவைக் கணக்கிடும் முறை அது. சும்மா படுத்திருக்கும்போது ஓட்டையுள்ள குழந்தைகளும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் செலவழித்தார்கள். நாள் முழுதும் சேர்த்துப் பார்த்தபோது, ஓட்டையுள்ள குழந்தைகளின் செலவு சுமார் 40 சதவீதம் அதிகம். அழுவது, அசைவது, பால் குடிப்பது என்று சாதாரண வேலை ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செலவு கூடும்போது வரவாவது கூட வேண்டும். அதுவும் குறைகிறது. மூச்சிரைப்பால் குடிக்கும் அளவு குறைகிறது. ரத்தம் தேங்கி வீங்கிய கல்லீரல் இரைப்பையை நெருக்குவதால், கொஞ்சம் குடித்ததுமே வயிறு நிறைந்தாற்போல் ஆகிவிடுகிறது. குடலின் சுவரிலும் நீர்க்கட்டு ஏற்படுவதால், உள்ளே போனது முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. அடிக்கடி வரும் நுரையீரல் தொற்று எஞ்சியதையும் கரைத்துவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பாயும் வகை இதயக் குறைபாடு என்றால், பிராணவாயு பற்றாமல் எடையோடு உயர வளர்ச்சியும் தடைபடுகிறது.

ஒரு நாள் பாலின் கணக்கு

நாலு மாதக் குழந்தை ஒன்று 4 கிலோ எடையில் இதயச் செயலிழப்போடு சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 கலோரி சொச்சம் போதும். இந்தக் குழந்தை தேற 150 வரை வேண்டியிருக்கும். அதாவது 600 கலோரி.

தாய்ப்பால் 100 மில்லியில் சுமார் 67 கலோரி உண்டு. 600 கலோரி வேண்டுமானால் கிட்டத்தட்ட 900 மில்லி குடிக்க வேண்டும். ஆனால் இந்த இதயம் அவ்வளவு நீரைத் தாங்காது. மருத்துவர் கிலோவுக்கு 120 மில்லி என்று அளவு கட்டினால் கிடைப்பது 480 மில்லி, அதாவது 320 கலோரி. தாய்க்குப் பால் பெருகி வழிந்தாலும், குழந்தைக்கு முழு ஆசை இருந்தாலும், தேவையில் பாதிதான் போய்ச்சேரும். அந்தத் தாயின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஆகவே நீரைக் கூட்டாமல் கலோரியைக் கூட்ட வேண்டும். அதற்கு வார்டிலேயே வழிகள் உண்டு. முதலில் வரும் பாலைவிடக் கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம். அதைப் பீய்ச்சித் தனியாக எடுத்துக் கொடுக்கலாம். அதைப் புகட்ட, நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடை இன்றும் குழந்தைகள் வார்டில் இருக்கிறது. உறிஞ்சும் உழைப்பு அதில் மிச்சம். பீய்ச்சிய பாலில் தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெயில் 40 கலோரி இருக்கிறது. அதிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதி எளிதில் செரிக்கும் வகை. அப்படியும் எட்டவில்லை என்றால் மூக்கு வழியாக இரைப்பைக்கு மெல்லிய குழாய் போட்டு, குழந்தை தூங்கும்போதே சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். குழாய் என்றதும் பெற்றோர் பதறுவார்கள். அது முடிவின் அறிகுறி அல்ல, குழந்தைக்குக் கிடைக்கிற ஓய்வு என்று செவிலியர் உட்கார்ந்து விளக்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு நம் மண்ணின் விளைச்சலே கைகொடுக்கும். கேழ்வரகுக் கூழில் நெய், சத்துமாவுக் கஞ்சியில் வறுத்து நைசாக அரைத்த நிலக்கடலை, அரியலூர்ப் பக்கம் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் தோப்புகளில் விளையும் முந்திரியின் பொடி, முட்டை மஞ்சள் கரு எல்லாம் சிறிய அளவில் நிறையக் கலோரி தருபவை. எதை, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தைக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். உணவும் மருந்தைப் போலப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

தராசு ஏமாற்றும் இடம்

குழந்தை ஊட்டக்குறையில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எடை போட்டால் போதாதா? இதய வார்டில் போதாது. இதயம் தளரும்போது உடம்பில் நீர் தேங்கும். தசை கரைந்துகொண்டிருக்கும்போதே நீர் ஏறினால் தராசு முள் அசையாமல் நிற்கும், ஏன், ஏறவும் செய்யும். நீர் பிரிய ஊசி போட்ட மறுநாள் எடை 200, 300 கிராம் இறங்கும், தாய் கலங்கிப்போவார். இறங்கியது நீர். முதல் நாள் எடையை மட்டும் வைத்துக்கொண்டு 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டால் கரைந்த தசை யார் கண்ணிலும் படாது.

இங்கேதான் நாடா உதவுகிறது. குழந்தையின் இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் நுனியிலிருந்து முழங்கை நுனிவரை அளந்து, நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு, புள்ளியின் மேல் நாடாவைச் சுற்ற வேண்டும். தோலில் குழிவிழும்படி இறுக்கவும் கூடாது, இடைவெளி தெரியவும் கூடாது. 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இந்தச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஊட்டக்குறை, 11.5க்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறை. 6 வாரம் முதல் 6 மாதம் வரையிலான குழந்தைக்கு 11 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. இதயச் செயலிழப்பில் நீர் பெரும்பாலும் கல்லீரல், இமை, முதுகு, கால் பக்கம் தேங்குவதால், மேல்கை கொஞ்சம் உண்மையைப் பேசும்.

நாலு கேள்விகள் போதுமா?

அளவுகள் இப்போதைய நிலையைச் சொல்கின்றன. நாளை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது அபாயக் கணிப்பு. இதற்காகச் சில கேள்விப் பட்டியல்கள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. நெதர்லாந்து மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட 'ஸ்ட்ராங் கிட்ஸ்' அவற்றில் எளியது. 44 மருத்துவமனைகளில் 424 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். மொத்தம் நாலே கேள்விகள். பார்த்தாலே மெலிந்து தெரிகிறதா? ஊட்டக்குறையை உண்டாக்கும் நோய் இருக்கிறதா? சாப்பாடு குறைந்ததா, வாந்தி, பேதி உண்டா? எடை குறைந்ததா, அல்லது கூடாமல் நின்றதா? நோய்க்கு 2 மதிப்பெண், மற்றவற்றுக்குத் தலா 1. பூஜ்யம் என்றால் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 4 அல்லது 5 என்றால் அதிகம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிரிட்டனில் உருவான 'ஸ்டாம்ப்' என்ற முறை நோயையும் சாப்பாட்டையும் கேட்டுவிட்டு எடையையும் உயரத்தையும் அளக்கச் சொல்கிறது. ஆனால் அது 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக வந்தது. பிறவி இதயக் குறையால் மெலிந்துபோகும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வயதைத் தாண்டாதவர்கள்.

ஸ்ட்ராங் கிட்ஸிலும் இதய வார்டில் ஒரு சிக்கல் வரும். நாள்பட்ட இதய நோய் அதன் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆக, வார்டில் உள்ள எல்லாக் குழந்தைகளும் தொடக்கத்திலேயே 2 மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அபாயம் குறைவு என்று யாரும் இருக்கமாட்டார்கள். பத்துக் குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் நிற்கும் வார்டில், பத்துப் பேருக்கும் அபாயம் என்று எழுதினால் யாரை முதலில் கவனிப்பது? பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு முழுவதும் கடைசிக் கேள்வியின் மேல் வந்து விழுகிறது: எடை கூடாமல் நின்றது எப்போதிலிருந்து?

தமிழ்நாடு முன்பே கற்ற பாடம்

அந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்த அனுபவம் நமக்கு உண்டு. உலக வங்கி உதவியோடு 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது. எல்லோருக்கும் எப்போதும் உணவு என்று வைக்காமல், கடுமையாக மெலிந்தவர்களுக்கும் எடை ஏற்றம் தடைபட்டவர்களுக்கும் சத்துருண்டை கொடுத்தது. சுமார் மூன்று மாதத்தில் எடை ஏறத் தொடங்கினால் உருண்டை நிற்கும். தாய்க்குச் சொல்லிக்கொடுப்பது தொடரும். கிராமத்துப் பணியாளர் எடை அட்டையில் தன் கையாலேயே புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கடுமையான ஊட்டக்குறை அந்தப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்தது.

அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம்தான் இதய வார்டுக்கும் தேவை. ஒரு நாளின் எடையைவிட எடையின் போக்கு அதிகம் சொல்லும். முதல் மூன்று மாதங்களில் நல்ல குழந்தை நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை கூடும். 10 கிராம்கூட ஏறாத குழந்தை, இன்னும் கொழுகொழுவென்று தெரிந்தாலும், அபாயத்தில் இருக்கிறது. ஓட்டை சிறியதாக இருந்து தானே மூடிக்கொள்ளப் போகிற குழந்தையின் எடை வழக்கம்போல் ஏறும். வார்டில் யாருக்கு முதல் கவனிப்பு என்பதற்கு இந்தப் போக்கைவிட மலிவான சாட்சி வேறு இல்லை.

வாரணவாசியிலிருந்து வார்டு வரை

அந்தப் போக்கை மருத்துவமனை எங்கிருந்து பெறுவது? பெரும்பாலும் அது ஊரிலேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது.

பிறந்த உடனே நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகியிருப்பதால் ஓட்டையின் வழியே கசிவு குறைவு. நாலு முதல் எட்டு வாரத்தில் அவை தளர, கசிவு பெருகி, மூச்சிரைப்பும் எடைத் தேக்கமும் தொடங்கும். 'முதல் மாசம் நல்லாத்தான் இருந்துச்சு' என்று தாய்மார் சொல்வதன் காரணம் இதுதான். நம் தடுப்பூசி அட்டவணையில் குழந்தை சுகாதார நிலையத்துக்கு வரும் நாட்கள் 6, 10, 14 வாரங்கள். ஓட்டை தன்னை வெளிக்காட்டும் காலமும் அதுவே. அந்த மூன்று வருகையிலும் எடை போட்டுத் தாய் சேய் நல அட்டையில் எழுதி, 'பால் குடிக்கையில் வியர்க்கிறதா? விட்டு விட்டுக் குடிக்கிறதா?' என்று கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டாலே, சளி முற்றி இழுப்பு வரும் முன்பே பல குழந்தைகள் எக்கோ அறைக்குப் போய்விடுவார்கள்.

இதற்கு மேல் அங்கன்வாடி இருக்கிறது. 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022 மே 21இல் நீலகிரியில் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டத்தை 2024 நவம்பர் 15இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அரியலூர் மாவட்டம் வாரணவாசி அங்கன்வாடியில் தொடங்கிவைத்தார். கடுமையான ஊட்டக்குறையுள்ள, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மாருக்கு நெய், பேரீச்சை, இரும்புச்சத்து டானிக் உள்ளிட்ட பெட்டகம் கொடுப்பது அந்தக் கட்டம். தாயைத் தேற்றிப் பிள்ளையைத் தேற்றும் நல்ல வழி அது.

அந்தப் பெட்டகத்தால் இன்னொரு பயனும் உண்டு. தாய்க்கு நல்ல ஊட்டம் கிடைத்து, பாலும் ஊறி, அப்படியும் குழந்தையின் எடை ஏறவில்லை என்றால், காரணம் சமையலறையில் இல்லை. அந்தக் குழந்தையின் நெஞ்சைப் பார்க்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறை வருகின்றன. பிறவி இதயக் குறை அவர்கள் தேடும் நோய்களில் ஒன்று. அவர்கள் வரும்வரை காத்திராமல், எடை ஏறாத குழந்தையை அங்கன்வாடிப் பணியாளர் அன்றே அனுப்பலாம். அறுவைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர்க் குழந்தைகள் இதய அறுவைக்காகப் பெரிய ஊர்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்குக் குழந்தையோடு எக்கோ அறிக்கை போகும். அதே தாளில் பிறந்த எடை, தடுப்பூசி நாட்களின் எடை, இன்றைய எடை, கைச் சுற்றளவு, நாளொன்றுக்கு உள்ளே போகும் கலோரி ஆகிய ஐந்தையும் எழுதி அனுப்பினால், அங்கே வரிசையைத் தீர்மானிக்கும் மருத்துவர் அறிக்கையில் ஓட்டையை மட்டும் பார்க்கமாட்டார், தேயும் குழந்தையையும் பார்ப்பார்.

'எடை கூடட்டும், பார்க்கலாம்'

மெலிந்த குழந்தைக்கு அறுவை செய்தால் தொற்று, நீண்ட நாள் செயற்கை சுவாசம், தீவிர சிகிச்சையில் அதிக நாட்கள் என்று ஆபத்துகள் கூடுகின்றன. அதனால் 'எடை கூடட்டும், பார்க்கலாம்' என்ற அறிவுரை நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் பெரிய ஓட்டையுள்ள குழந்தையின் எடை, ஓட்டையை அடைக்காதவரை பெரும்பாலும் ஏறாது. காத்திருக்கக் காத்திருக்க நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்து, அறுவையே பலனளிக்காத நிலையும் வந்துவிடும்.

கொச்சி அமிர்தா மருத்துவமனை மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிறவி இதயக் குறையோடு வந்த 476 குழந்தைகளில் 59 சதவீதத்தினர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். தாமதமாகத் திருத்தம் செய்துகொண்டவர்களிடம் ஊட்டக்குறை அதிகமாகவும், திருத்தத்துக்குப் பின் சில மாதங்களிலேயே எடையில் முன்னேற்றமும் தெரிந்தன.

நீலக் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சையின் வரலாறே எடைக்காகக் காத்திராத துணிவில் பிறந்தது. 1944 நவம்பர் 29இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஐலீன் சாக்சன் என்ற பெண் குழந்தையை மேசையில் படுக்கவைத்தபோது அவளுக்கு 15 மாதம். எடை சுமார் 4 கிலோ, அந்த வயதுச் சராசரியில் பாதிகூட இல்லை. ஹெலன் டாசிக் யோசனை சொல்ல, விவியன் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் பழகிக்காட்டிய முறையில் ஆல்பிரட் பிளாலக் அறுவை செய்தார். எடை கூடட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அந்தக் குழந்தைக்குக் கூடியிருக்காது. ஐலீன் மறு ஆண்டே இறந்துபோனாள் என்றாலும், அவள் திறந்த வழியில் ஆயிரக்கணக்கான நீலக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

எடை கூடாததை, அறுவையைத் தள்ளிப்போடுவதற்கான காரணமாக வைத்திருந்தோம். அதுவே அவசரத்துக்கான காரணமாக மாற வேண்டும். வார்டில் சேர்ந்த முதல் நாளே அளந்து, கலோரிக் கணக்குப் போட்டு, பாலாடையாலோ குழாயாலோ ஊட்டத் தொடங்கி, வாரம் ஒருமுறை போக்கைப் பார்த்து, ஊட்டியும் ஏறவில்லை என்றால் அந்தக் குழந்தையை அறுவை வரிசையில் முன்னே நகர்த்த வேண்டும். இதற்குப் புது மருந்தோ புது இயந்திரமோ வர வேண்டியதில்லை. அங்கன்வாடித் தராசும் அறுவை அரங்கும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் அந்த ஒரு தாளை நிரப்பும் வழக்கத்தை மாவட்ட வார்டுகள் இன்றே தொடங்கலாம்.